ஆறு கட்டை

“மைக் கிடையாதா? ஒண்ணுகூடவா?”

போனில் அப்பா இதையே இரண்டு முறை கேட்டார். நான் மியூனிக்கில் வேலைக்கு வந்து ஏழு வருடம் கழித்து, அம்மாவும் அவரும் முதல்முறையாக என்னிடம் வர இருந்தார்கள். எங்கெல்லாம் கூட்டிப்போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அரண்மனை, ஏரி, பனிமலை எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டியவர், வியன்னாவில் ஓர் ஓபரா அரங்கம் இருக்கிறது, அங்கே இரண்டாயிரம் பேருக்கு முன்னால் ஒலிபெருக்கி இல்லாமல் பாடுவார்கள் என்றதும் ‘ம்’ கொட்டுவதை நிறுத்திவிட்டார். அப்பாவுக்கு ஒரு விஷயத்தில் மனம் போய்விட்டால் குரல் அரைக் கட்டை ஏறும். அன்றைக்கு ஏறியது.

அப்பா நாற்பது வருடம் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். புதுக்கோட்டை, காரைக்குடி, மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அம்மன் கோயில் திருவிழா என்றால் அங்கே வள்ளி திருமணமோ பவளக்கொடியோ அரிச்சந்திரா மயான காண்டமோ கட்டாயம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் விடிகிறவரை வாசிப்பும் பின்பாட்டும்தான். அவருடைய வாத்தியார் மைக் வருவதற்கு முந்தைய காலத்து ஆள். காலால் மிதித்து வாசிக்கிற பெட்டியோடு ஊர் ஊராகப் போனவர். கிட்டப்பா பாடினால் கடைசியில் நிற்கிறவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் விழும் என்று அந்த வாத்தியார் சொன்னதை அப்பா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்பா மேடைக்கு வந்தபோது மைக் வந்துவிட்டது. பிறகு புளியமரத்துக்குப் புளியமரம் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். பக்கத்தில் நின்று பாடுகிற ராஜபார்ட்டின் குரல்கூட மேலே போய்க் குழாய் வழியாகத் திரும்பி வந்துதான் அப்பாவின் காதில் விழும்.

“நான் நாப்பது வருசம் வாசிச்ச தொண்டையெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது ஆத்தா. குழாயைத்தான் கேட்டேன்” என்று ஒருமுறை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வியன்னா.

மியூனிக்கிலேயே நல்ல ஓபரா அரங்கம் உண்டு. ஆனாலும் நான் வியன்னாவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், என் முதல் குளிர்காலத்தில் உடன் வேலை பார்த்த பெண் ஒருத்தி என்னை அங்கே அழைத்துப்போயிருந்தாள். மூன்று யூரோ டிக்கெட்டில் உச்சிக் கேலரியில் நின்றுகொண்டு கேட்டேன். கீழே கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்த ஒரு பெண் மெதுவாக, மிக மெதுவாகப் பாடியது என் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உரக்கப் பாடினால் தூரம் போகும் என்று நினைத்திருந்தேன். சன்னமாகப் பாடியதும் அதே தூரம் வந்தது. அந்த நிமிஷமே அப்பாவை இங்கே கூட்டிவர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஆயிற்று.

எந்த ஓபரா என்பது முதல் கேள்வி. வியன்னா அரங்கத்தில் செப்டம்பரிலிருந்து ஜூன் வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று. ஒரே நாடகத்தை மாதக்கணக்கில் ஓட்டுகிற பழக்கம் கிடையாது. இதைச் சொன்னதும் அப்பாவுக்கு அந்த இடம் பாதி சொந்தமாகிவிட்டது. “நம்ம சங்கத்து ஆளுக மாதிரி. இன்னைக்கு வள்ளி, நாளைக்குப் பவளக்கொடி” என்றார். வாக்னரின் ஓபராக்கள் ஐந்து மணி நேரம்கூடப் போகும், விடிய விடிய வாசித்தவருக்கு அது பெரிதில்லை, ஆனால் எழுபது வயது முழங்காலுக்குப் பெரிது. நான் ஒவ்வொரு கதையாகப் போனில் சொல்ல, அவர் பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’வைத் தேர்ந்தெடுத்தார்.

கதை இதுதான். அதிகாரி பிசாரோவின் அநியாயத்தை வெளியே சொல்லத் துணிந்த ஃப்ளோரெஸ்டானை, அவன் யாருக்கும் தெரியாமல் நிலவறையில் அடைத்துவைத்திருக்கிறான். ஃப்ளோரெஸ்டானின் மனைவி லியோனோர் ஆண் வேடம் போட்டு, ஃபிடேலியோ என்று பெயர் சொல்லிக்கொண்டு, சிறைக் காவலன் ரோக்கோவிடம் வேலைக்குச் சேர்கிறாள். கணவனுக்குக் குழி தோண்டுகிற வேலைக்கே அவளும் போக வேண்டி வருகிறது. பெண் ராஜபார்ட் கட்டுவது அப்பாவுக்குப் புதிதல்ல, கே.பி.சுந்தராம்பாள் கட்டிய மேடைதானே அது. பாட்டுக்கு நடுவில் பேச்சு வசனமும் உண்டு என்று நான் சொன்னபோது, “அப்ப நாடகம்தான், சந்தேகமே இல்ல” என்று உறுதியாகச் சொன்னார்.

ஜனவரியில் அந்த ஓபரா சில நாள் இடைவெளி விட்டு நாலைந்து இரவு நடப்பதாக அட்டவணையில் இருந்தது. முதல் இரவுக்கே நல்ல இருக்கைகள் இரண்டு வாங்கினேன். அப்பாவிடம் விலையைச் சொல்லவில்லை. ரயில் டிக்கெட், அரங்கத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் அறை, அப்பாவுக்குப் புது ஸ்வெட்டர், உள்ளே போடுகிற கம்பளி என்று எல்லாம் தயார். விசா மட்டும் வரவில்லை. ஒரு தாள் குறைகிறது என்றார்கள், கொடுத்தோம், வேறொரு தாள் கேட்டார்கள். பத்து நாள் தாமதத்தில் அவர்கள் வந்து இறங்கியபோது அந்த இருக்கைகளில் வேறு யாரும்கூட உட்காராமல் வீணாகியிருந்தன. மிச்சமிருந்தது கடைசி இரவு. அதற்கு என்னால் வாங்க முடிந்த விலையில் ஓர் இருக்கைகூட இல்லை.

அப்போதுதான் நின்று கேட்கிற இடத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். வியன்னா அரங்கத்தில் 1,709 இருக்கைகள். அதுபோக அந்த வருடம் 567 பேர் நிற்பதற்கென்றே இடம் இருந்தது. கீழ்த்தளத்தில், பழைய ராஜ குடும்பத்து மாடத்துக்கு நேர் கீழே ஒரு பகுதி, அன்றைய விலை நான்கு யூரோ. மேலே பால்கனியிலும் கேலரியிலும் மூன்று யூரோ. அப்போதெல்லாம் ஆட்டம் தொடங்க 80 நிமிடம் இருக்கும்போது டிக்கெட் ஜன்னலைத் திறந்தார்கள், ஆளுக்கு ஒன்று. கீழே நின்றால் கண்ணுக்கு விருந்து, மேலே நின்றால் காதுக்கு என்பார்கள் வழக்கமாக வருகிறவர்கள்.

“காதுக்குத்தானே போறோம்” என்றார் அப்பா.

அம்மா அவருடைய முழங்காலைக் காட்டினார். அப்பா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஃபிடேலியோ இடைவேளையோடு சேர்த்து இரண்டரை மணி நேரம் போகும். நடுவில் உட்கார்ந்துகொள்ளலாம். ஆக, ஒரு தடவைக்கு ஒன்றே கால் மணி நேரம் நிற்கத் தெரிய வேண்டும். மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டு ஜன்னல் திண்டில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி நின்றபடியே இசைத்தட்டைக் கேட்க ஆரம்பித்தார். முதல் நாள் இருபது நிமிடம். அப்புறம் அரை மணி. ராத்திரி அம்மா தைலம் தேய்த்துவிட்டார். என் பையன் தாத்தாவோடு சேர்ந்து நின்றான், ஐந்து நிமிடத்தில் ஓடிவிட்டான்.

அந்த ஒன்பது நாளில் அப்பா ஃபிடேலியோவைக் கேட்ட விதம் எனக்கு மறக்காது. பையனுடைய சின்னக் கீபோர்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டும் எந்தக் கட்டை என்று பிடித்து என் குறிப்பேட்டில் எழுதினார். அந்தக் குறிப்பேட்டில் நான் காட்சிவாரியாகக் கதையைத் தமிழில் எழுதிவைத்திருந்தேன். அதன் ஓரத்தில் அவர் கையெழுத்து: முதல் வாத்திய இசை, 3 கட்டை. நான்கு பேர் பாடுவது, 5 கட்டை. கைதிகள் கூட்டப் பாட்டு, ஆறரை. கடைசிப் பாட்டு, 1 கட்டை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “இவுங்க சுருதியை மாத்திக்கிட்டே இருக்காங்க” என்றார். குறை சொல்கிற குரலில் இல்லை, விளங்கிக்கொள்ளத் தவிக்கிற குரலில். நாடகத்தில் சுருதி என்பது பாடுகிறவருடைய சொத்து. ராஜபார்ட்டுக்கு ஐந்து கட்டை என்றால் விடிகிறவரை அவருக்கு ஐந்துதான். ஆர்மோனியக்காரர் ஆளைப் பார்த்து மாறுவார். இங்கே ஆளுக்கு அல்ல, அந்தந்த நேரத்து மனநிலைக்குத்தான் சுருதி என்று இரண்டு நாளில் அவரே கண்டுபிடித்தார். எனக்கு யாரும் அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்த நான்கு பேர் பாட்டில்தான் ரொம்ப நேரம் நின்றார். முதல் அங்கத்தின் தொடக்கத்தில் காவலனின் மகள் ஒரு மெட்டை எடுக்கிறாள். அதே மெட்டை லியோனோர் எடுக்கிறாள், பிறகு ரோக்கோ, பிறகு அந்தப் பெண்ணை விரும்புகிற இளைஞன். ஒருவர் நிறுத்தாமலே அடுத்தவர் சேர்ந்துகொள்வார்கள். அவளுக்கு ஆசை, லியோனோருக்குப் பயம், தகப்பனுக்குத் திருப்தி, அவனுக்குப் பொறாமை. மெட்டு ஒன்றுதான். “தர்க்கத்துல ஒருத்தர் முடிச்சாத்தான் இன்னொருத்தர். இங்க நாலு மனசும் ஒண்ணா ஓடுது” என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

அம்மா பேரனோடு வீட்டில் இருந்துகொண்டார். நாங்கள் இருவரும் காலை ரயிலில் கிளம்பினோம். நான்கு மணி நேரப் பயணம். சால்ஸ்பர்க் தாண்டுகிறவரை ஜன்னலில் பனி. அரங்கத்தைச் சுற்றிக்காட்டுகிற நடைக்கும் மதியத்துக்கே இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். இரவில் பாட்டுக்காகப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

ரிங் சாலையில் டிராமை விட்டு இறங்கியதும் எதிரே நிற்கிறது. அகலமான, வளைவுகள் வைத்த, சாம்பல் படிந்த கல். நான் அப்பாவுக்கு முதலில் சொன்னது அதைக் கட்டியவர்கள் கதையைத்தான். ஆகஸ்ட் சிக்கார்ட்ஸ்புர்க், எட்வார்ட் வான் டெர் நுல் என்று இரண்டு கட்டடக் கலைஞர்கள், சேர்ந்தே வேலை செய்தவர்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே முன்னால் போகிற சாலையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்த்திவிட்டார்கள். அதனால் கட்டடம் தரையில் அமுங்கியது போலத் தோன்றியது. தாழ்ந்துபோன பெட்டி என்று ஊரே ஏசியது. வான் டெர் நுல் 1868 ஏப்ரலில் தூக்கு மாட்டிக்கொண்டார். பத்து வாரத்தில் சிக்கார்ட்ஸ்புர்க்கும் நோயில் இறந்தார். 1869 மே 25 அன்று மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’யோடு அரங்கம் திறந்தபோது இருவருமே இல்லை. பேரரசர் பிரான்ஸ் ஜோசப் இதில் மனம் உடைந்து, அதற்குப் பிறகு எந்தக் கலை விஷயத்திலும் அழகாக இருந்தது, மகிழ்ச்சி என்பதைத் தவிர வேறு அபிப்பிராயமே சொல்வதில்லை என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

அப்பா சாலையைக் கடக்காமல் நின்றுவிட்டார். ஒரு திருவிழாவில் தொண்டை கட்டிப்போன ஸ்திரீபார்ட் ஒருவரை ஜனங்கள் கத்தி இறக்கியதையும், அதற்குப் பிறகு அந்த அம்மா மேடைப் பக்கமே வராததையும் சொன்னார். அன்றைக்கு வாசித்தது அப்பா. இன்னும் அரைக் கட்டை இறக்கிக் கொடுத்திருந்தால் சமாளித்திருப்பார் என்று இத்தனை வருடம் கழித்தும் அவருக்கு அந்த எண்ணம் இருந்திருக்கிறது. எனக்கு அது அன்றுதான் தெரியும்.

உள்ளே போனதும் பெரிய பளிங்குப் படிக்கட்டு. முன்கூடத்தில் மோரிட்ஸ் ஃபான் ஷ்விண்ட் வரைந்த ஓபராக் காட்சிகள். எல்லாம் 1869-இல் இருந்தபடியே இருக்கின்றன. ஆனால் ஒரு கதவைத் தாண்டிப் பார்வையாளர் கூடத்துக்குள் நுழைந்தால் காலம் மாறிவிடுகிறது. தங்கச் சிற்ப வேலைகள் இல்லை. வெள்ளையும் சிவப்பும் கொஞ்சம் பொன்னும், நிதானமான வளைவுகள். 1945 மார்ச் 12 அன்று அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் கூடமும் மேடையும் எரிந்துபோயின. 120 நாடகங்களுக்கான காட்சிச் சீலைகளும் ஒன்றரை லட்சம் உடைகளும் சேர்ந்து எரிந்தன. முன்பக்கம் மட்டும் தப்பியது. அதற்கு முன்பே, 1944 ஜூன் 30 அன்று, அந்த மேடையில் கடைசியாகப் பாடியது வாக்னரின் ‘கடவுளரின் அந்தி’. நாஜிகள் 1938-இல் நாட்டைப் பிடித்த மார்ச் 12-ஆம் தேதிதான் ஏழு வருடம் கழித்துக் குண்டு விழுந்த தேதியும்.

ஒன்றரை லட்சம் உடை என்றதும் அப்பா என் கையைப் பிடித்தார். நாடகக்காரர் வீட்டில் பெட்டி எரிந்தாலும் உடை எரியக் கூடாது.

மறுபடி கட்டப் பத்து வருடம் ஆயிற்று. எரிக் போல்டன்ஷ்டெர்ன் என்பவர் கூடத்தை வடிவமைத்தார். குதிரை லாட வடிவத்தை விடவில்லை. தீப் பயத்தால் கான்கிரீட்டில் எழுப்பினார்கள், ஆனால் பழைய மர அரங்கத்தின் ஓசை போய்விடக் கூடாதென்று உள்ளே மரம் பொதிந்தார்கள். வழிகாட்டி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா பக்கத்துத் தடுப்பின் மரப்பலகையில் நடுவிரலை மடித்து மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். ஆர்மோனியப் பெட்டி வாங்கப் போகும்போது கடையில் இப்படித்தான் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “நல்லாக் காஞ்ச மரம்” என்றார். அப்பா என்ன சொன்னார் என்று வழிகாட்டிப் பெண் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அவளும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

மேடையில் ஆட்கள் ராத்திரிக்கான காட்சியை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் வேறு நாடகம், அதைக் கழற்றி இதை மாட்டுகிறார்கள். சிறைச் சுவர் ஒன்று கயிற்றில் ஆடியபடி இறங்கியது. கீழே நின்றவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அப்பா எழுந்துபோக மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரை மணிக்கெல்லாம் வரிசைக்குப் போய்விட்டோம். ஓப்பர்ன்காஸே என்கிற பக்கவாட்டுத் தெருவில் அந்த வாசல். ஏழு மணிக்கு ஆட்டம், ஐந்து நாற்பதுக்கு ஜன்னல் திறக்கும். எங்களுக்கு முன்னால் இருபது பேர் இருக்கும். மாணவர்கள், ஜப்பானியப் பெண்கள் இருவர், மடக்கு நாற்காலியோடு வந்திருந்த வயதான ஓர் அம்மா. எழுபது வயது இருக்கும். அப்பா காலை மாற்றி மாற்றி ஊன்றுவதைப் பார்த்துவிட்டு நாற்காலியை நீட்டினார். அப்பா இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை உட்கார்ந்தார்.

அப்பாவின் தொழிலைச் சொன்னேன். அப்பா தன் மடியில் பெட்டி இருப்பதுபோல் இடது கையால் துருத்தியையும் வலது கையால் கட்டைகளையும் காட்டினார். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த வரிசையில் நிற்கிறாராம். அதற்கும் முன்னால், 1955 நவம்பர் 5, அரங்கம் மறுபடி திறந்த இரவு, தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வெளியே சாலையில் நின்றிருக்கிறார். அந்த ஆண்டு மே மாதம்தான் ஆஸ்திரியாவுக்குச் சுதந்திரம் தருகிற ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபருக்குள் அந்நியப் படைகள் வெளியேறிவிட்டன. அடுத்த வாரமே அரங்கத்தைத் திறந்தார்கள், கார்ல் பேம் நடத்திய ஃபிடேலியோவோடு. உள்ளே இடம் கிடைக்காத ஜனங்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அந்தக் குளிரில் பெரியவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார்களாம். கைதிகள் வெளிச்சத்துக்கு வருகிற பாட்டின்போது தன் அப்பாவின் தோள் குலுங்கியது நினைவிருக்கிறது என்றார்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். “குழாய்ல கேட்டாங்களா” என்று மட்டும் சொன்னார்.

டிக்கெட் கையில் வந்ததும் ஓடக் கூடாது, ஆனால் சுணங்கவும் கூடாது. மேல் கோட்டை வைத்துவிட்டுக் கேலரிக்குப் படி ஏற வேண்டும். அப்பாவுக்காக லிஃப்ட் இருக்கிற பக்கத்தை நான் முன்னமே கேட்டுவைத்திருந்தேன். மேலே போனால் வரிசை வரிசையாகக் கம்பித் தடுப்பு, சாய்ந்துகொள்ள மேலே மெத்தை வைத்திருக்கிறார்கள். இடத்தைப் பிடிப்பதற்கு அங்கே அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கழுத்தில் இருக்கிற துணியை எடுத்துக் கம்பியில் கட்டிவிட்டால் அது உங்கள் இடம். எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரலாம், யாரும் தொடமாட்டார்கள். நாற்காலி கொடுத்த அம்மா தன் சால்வையைக் கட்டிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து மஃப்ளர் மாதிரி சுற்றியிருந்த துண்டை எடுத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்குமே, முகம் துடைக்க, அந்தத் துண்டு. புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் வழியாக இந்தத் துண்டைப் போட்டு அவர் எங்களுக்கு இடம் பிடித்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். சுற்றிலும் பட்டும் கம்பளியுமாகக் கட்டியிருந்த அந்த வரிசையில், பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. பிறகு படியில் உட்கார்ந்து, நான் கொண்டுவந்திருந்த தயிர்ச்சோற்றைச் சாப்பிடத் தோதாக ஓர் இடம் வெளியே இருக்கிறதா என்று விசாரித்தார். இருந்தது.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு தாழ்ந்தது. கூட்டம் அடங்கியது. இங்கே இயக்குநராக இருந்த பத்து வருடத்தில், 1897 முதல் 1907 வரை, குஸ்தாவ் மாலர் வகுத்த கண்டிப்புகள் பல. கூடத்தை இருட்டாக்குவது, தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடாதது எல்லாம் அவர் காலத்தில் வேரூன்றியவை. மேடைக்கு முன்னால் வாத்தியக் குழு உட்கார்ந்திருக்கிற பள்ளத்திலிருந்து ஓபோ ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடித்தது. மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அதில் வந்து சேர்ந்தன.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். “ஆறு கட்டை” என்றார். கொஞ்சம் பொறுத்து, “துளி தூக்கலா இருக்கு.”

அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் படித்தேன். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அந்த ஸ்வரத்துக்கு 440 அதிர்வு என்று வைத்துக்கொள்கிறார்கள். வியன்னாவில் இந்த வாத்தியக் குழு 443 வைக்கிறது. அரைக் கட்டைத் தூரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இசைக்கருவிக் கடையில் ரீட் தேய்த்துச் சுருதி கூட்டிப் பழகின காது அது.

எனக்கு அன்றைக்குப் பாட்டைவிட அப்பாவைப் பார்க்கிற வேலைதான் அதிகம். தடுப்பில் ஜெர்மனும் ஆங்கிலமும் ஓடுகிற சின்னத் திரை இருந்தது, அவர் அதைப் பார்க்கவே இல்லை. கதை முழுவதும் அவரிடம் இருந்தது. நான்கு பேர் பாட்டு வந்தபோது நான்கு விரல்களைக் கம்பியில் ஒவ்வொன்றாக வைத்தார், அவளுக்கு ஒன்று, லியோனோருக்கு ஒன்று, தகப்பனுக்கு, அவனுக்கு. நான்கும் வைத்தபின் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார். முதல் அங்கத்தின் கடைசியில், லியோனோர் கெஞ்சிக் கேட்டதால் கைதிகளைக் கொஞ்ச நேரம் வெயிலுக்கு விடுகிறார்கள். இருட்டிலிருந்து கண்ணைக் கூசிக்கொண்டு வருகிறவர்கள் எடுத்ததுமே உரக்கப் பாடுவதில்லை. மூச்சுப்போலத் தொடங்குகிறார்கள். யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்று பயந்து மறுபடி அடங்குகிறார்கள். ஐம்பது ஆண்கள் அடங்கிப் பாடுகிற அந்தச் சத்தம் எந்தக் கம்பி வழியாகவும் வராமல், நாலு மாடி ஏறி, வந்த மேனிக்கு எங்களிடம் வந்தது. அப்பா வாயைக் கொஞ்சம் திறந்தபடி நின்றார். வலது காது மேடைப் பக்கம், முகம் என் பக்கம். கண்ணில் தண்ணீர் நிற்பது திரை வெளிச்சத்தில் தெரிந்தது.

இடைவேளையில் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். “அந்த மூணாவதா நின்னவர் தொண்டை தனியாத் தெரிஞ்சுச்சு. கரகரப்பு இருக்கு. அதோடதான் பாடுறார்” என்றார். கூட்டப் பாட்டில் தனியாக ஒரு தொண்டையைப் பிடித்திருக்கிறார்.

இரண்டாம் அங்கத்தில், நிலவறையில் பிசாரோ கத்தியை ஓங்கிய நேரம் லியோனோர் குறுக்கே பாய்கிறாள். அப்போது மேடைக்கு வெளியே, எங்கோ தூரத்தில், ஓர் ஊதுகொம்புச் சத்தம். அமைச்சர் வந்துவிட்டார் என்று அர்த்தம். அப்பா நிமிர்ந்தார். நாடகத்தில் ராஜபார்ட் திரைக்கு உள்ளிருந்தே பாட்டை எடுப்பார், ஆள் தெரியாது, குரல் முதலில் வரும், அதைக் கேட்டதும் தூங்குகிற குழந்தையும் எழுந்து உட்காரும். அதற்குப் பின், கடைசிக் காட்சிக்கு முன்னால், பீத்தோவன் இதே ஓபராவுக்காக எழுதிய இன்னொரு முன்னிசையை வாத்தியக் குழு தனியாக வாசித்தது. மாலருக்கும் முன்பிருந்தே வந்த வழக்கம் அது, வியன்னாவில் அப்போதும் விட்டிருக்கவில்லை. அதிலும் அந்தக் கொம்பு தூரத்திலிருந்து வருகிறது. இருநூறு வருடத்துக்கு முன், 1805 நவம்பரில், இதே ஊரில் ஃபிடேலியோ முதலில் ஏறியபோது நெப்போலியனின் படை ஊரைப் பிடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஊர்க்காரர்கள் பலர் ஓடிவிட, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பிரெஞ்சு அதிகாரிகள். மூன்றே ஆட்டத்தில் எடுத்துவிட்டார்கள். பீத்தோவன் விடாமல் திருத்தித் திருத்தி 1814-இல் மறுபடி ஏற்றினார், இந்த அரங்கத்துக்குப் பின்னால் இப்போது சாகர் ஹோட்டல் நிற்கிற இடத்திலிருந்த பழைய கொட்டகையில்.

முடிந்து கைதட்டல் எழுந்தபோது அப்பா கைதட்டவில்லை. மேடையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு துண்டை அவிழ்த்து உதறி மடித்துத் தோளில் போட்டார். பக்கத்து அம்மா தன் சால்வையை அவிழ்த்துவிட்டு அப்பாவுக்குக் கை கொடுத்தார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள்.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. அறை பக்கத்தில்தான், ஆனாலும் டாக்ஸி பிடிக்கலாம் என்றேன். அப்பா காதில் வாங்கவில்லை. சுவரில் கண்ணாடிக்குள் அந்த மாத அட்டவணை ஒட்டியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றுவிட்டார். தேதிகளை விரலால் தடவிக்கொண்டே வந்து அடுத்த நாளில் நிறுத்தினார்.

“இது என்ன எழுதியிருக்கு?”

“டோஸ்கா.”

“எத்தனை வருசமா நடக்குது?”

இப்போது பார்க்கிற இந்த மேடையமைப்பு 1958-இல் போட்டது, அதே காட்சிகளை வைத்துக்கொண்டு இன்னும் நடத்துகிறார்கள் என்றேன். காலை எட்டு மணிக்கு ரயில் என்பதையும் நினைவுபடுத்தினேன். அப்பா அட்டவணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா நாளைக்கும் வருவேன்னு சொன்னாங்கள்ல” என்றார். எனக்கு அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை. “வரிசைக்கு மூணரைக்கு வந்தாப் போதுமா, மூணு மணிக்கே வரணுமா?”